நேர்ந்துவிட்ட முடி

திருக்கோகர்ணம்
12 அக்டோபர் 2024

அன்புத் தம்பி பிரசாந்துக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் என் மாமியாரும் நன்றாக இருக்கிறோம். இளமதிக்கு முன்பல் விழுந்து புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. அம்மாவுக்கு முழங்கால் மட்டும்தான் தொந்தரவு. உனக்கு அங்கே உடம்பு எப்படி? மஸ்கட்டில் வெயில் இறங்கிவிட்டதா?

போன் இருக்கும்போது மெயில் எதற்கு என்று கேட்காதே. அம்மா ஸ்பீக்கரில் போடாமல் பேசமாட்டாள். குடும்ப வாட்ஸப் குழுவில் சொல்வதும், அரிமளம் கடைவீதியில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். இது நமக்குள் இருக்கட்டும்.

போன வாரம் மலையாண்டி மாமா வந்திருந்தார். குலசாமி கோயிலில் கட்டட வேலை முடிந்துவிட்டதாம். வரும் வைகாசியில் கிடாவெட்டு. எத்தனையோ வருடம் கழித்து நடக்கிறது, பங்காளிகள், மாமன் மச்சான் எல்லோரும் வந்தாக வேண்டும் என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பிரசாந்த லீவு சொல்லச் சொல்லு ரஞ்சனி. அவன் முடி நிக்கிதுல்ல, இந்த வாட்டி எறக்கிரணும்" என்றார்.

நான் சரி மாமா என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அந்த நேர்த்திக்கடன் எப்படிப் பிறந்தது என்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா ரஞ்சனி


மஸ்கட்
19 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே காலை நேரத்தில் இப்போது சட்டை நனையாமல் நடக்க முடிகிறது. இளமதியின் பல்லில்லாத சிரிப்பைப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

உன் மெயிலைப் பிளான்ட்டில் டீ நேரத்தில் படித்தேன். சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

அந்தக் கல்யாணப் பந்தி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. முடி அப்போதுதான் கழுத்தைத் தொட்டிருந்தது. அழகி சித்தி எதிர்ப் பந்தியிலிருந்து, "என்னக்கா, ஒம் மகன் பொம்பளப்புள்ளையாட்டம் வளத்துக்கிட்டுத் திரியிறான்? கேக்கமாட்டியா?" என்று சத்தமாகக் கேட்டாள். அம்மா ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ரஞ்சனிக்கு ஒரு புள்ளை வேணும்ல. குலசாமிக்கு நேர்ந்து விட்டுருக்கு" என்றாள். எனக்குப் புரையேறியது. நீ இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்தார்.

அடுத்த ஆடிக்குள் நீ முழுகாமல் இருந்தாய். அதன்பிறகு நம் வீட்டில் யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

எல்லாம் சரி. ஆனால் இந்த முடியை நான் எதற்காக வளர்த்தேன் என்று உனக்குத் தெரியும். அப்பா இருக்கும்வரை மாதம் தவறாமல் ஒட்ட வெட்டிய தலை இது. வேலை நேரத்தில் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் இரண்டு மலையாளிகளோடும் ஒரு பிலிப்பைன்ஸ்காரனோடும் சேர்ந்து ஹெவி மெட்டல் வாசிக்கும்போதுதான் அவிழ்க்கிறேன். அங்கே யாரும் என்னை இது எதற்கு என்று கேட்பதில்லை. நம் ஊரில் கறுப்பு டீஷர்ட்டோடு இறங்கினால், மாலை போட்டிருக்கிறேன் என்று நினைத்து "சாமி, எந்தப் பக்கம்?" என்று வழிவிடுவார்கள்.

ராக்கன் ரேடியோ செட் ஞாபகம் இருக்கிறதா? திருவிழாவில் காலையிலேயே நம் கேசட்டைக் கொடுத்துப் போடச் சொன்னேனே. ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. ராக்கன் பதறிப்போய் ஆம்ப்ளிபயரைத் தட்டினான். மலையாண்டி மாமா வேப்பமரத்தில் ஏறி, குழாயைக் கழற்றி உதறிப் பார்த்தார். "குழாய்க்குள்ள கொளவி கூடு கட்டிருச்சுடா" என்றார். கிட்டார் அப்படித்தான் கேட்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இல்லாத வேண்டுதலுக்கு நான் ஏன் தலை குனிய வேண்டும்? மாமாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

நீ இப்போதும் அந்தப் பாட்டுகளைக் கேட்கிறாயா, இல்லை விட்டுவிட்டாயா?

என்றும் உன்,
பிரசாந்த்


திருக்கோகர்ணம்
30 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, வருத்தப்படாதே. இங்கே விடாத மழை. இளமதிக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, பிறகு ஏறிவிட்டன. இப்போது பள்ளிக்குப் போகிறாள், இட்லி வேண்டாம் என்று சண்டை போடுகிறாள். என் மாமியார் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் கீழே வைத்திருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

கேட்கிறேன். விடவில்லை. தினமும் கல்லூரிக்குப் போகிற டவுன் பஸ்ஸில்தான். தலையில் முல்லை, மடியில் தேர்வுத்தாள் கட்டு, காதில் இடி. பக்கத்தில் உட்காரும் அம்மாக்கள் நான் காலையில் கந்தர் துதி கேட்கிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் விடுகிறார்கள். ஒருநாள் என் மாணவி ஒருத்தி, "மேம், நீங்க என்ன கேப்பீங்க?" என்றாள். "பழைய பாட்டும்மா" என்றேன். முப்பது வருடத்துப் பாட்டு, பொய்யில்லை.

ஹாஸ்டல் தோழி சுமையா கட்டுமாவடியிலிருந்து கொண்டுவந்த அந்த முதல் கேசட்டை நினைத்துக்கொண்டேன். அவள் அண்ணன் அஜ்மல் சவூதியில் வாங்கியது. அட்டையில் எல்லாம் அரபி. ஹாஸ்டலில் சுமையா எழுத்துக்கூட்டி, "தாக்ரப்னு போட்டுருக்கு" என்றாள். நாம் இரண்டு பேரும் எத்தனை வருடம் அந்த மெட்டல் குழுவின் நிஜப் பெயர் தெரியாமல் தாக்ரப் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தோம்! அம்மாவின் பக்திப் பாட்டுக் கேசட்டின் மேலேதான் அதைப் பதிந்தோம். பக்கம் முடியும் இடத்தில் பழைய பாட்டின் கடைசி வரி மிச்சம் இருக்கும். சரியாக அந்த நேரம் அம்மா உள்ளே வந்தால், "நல்ல புள்ளைங்க" என்று விபூதி பூசிவிட்டுப் போவாள்.

உனக்கு அப்போது ஒட்ட வெட்டிய தலை. எனக்கோ இடுப்புக்குக் கீழே முடி. ஆனால் தலையை விரித்துப் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது. நீ கதவுக்கு வெளியே காவல் நிற்க, நான் உள்ளே பின்னலை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சுழற்றி ஆடுவேன். அம்மா வயலிலிருந்து வருவதற்குள் திரும்பப் பின்னிவிடுவேன். உனக்கு முடி வளர்ந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னேனா?

மாமா மறுபடி போன் செய்தார். நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை, செய்தி சொல்கிறேன்.

உன் நலத்தையே நினைக்கும்,
அக்கா


மஸ்கட்
4 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், என்னை விடு. இளமதி ஆஸ்பத்திரியில் இருந்ததை ஏன் அப்போதே சொல்லவில்லை? அம்மா போனில் "மழை, மழை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இங்கே வெள்ளிக்கிழமை ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் மெயிலை இரண்டு தடவை படித்தேன். காய்ச்சலுக்கு மூன்று வரி. உன் மாமியாரின் மஞ்சள் துணிக்கு ஒரு வரி. அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு வரியை நீ எழுதி அழித்திருக்கிறாய் என்று தோன்றியது. என் கற்பனையாக இருக்கலாம்.

இளமதிக்கு என் முத்தம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

பிரசாந்த்


திருக்கோகர்ணம்
18 ஜனவரி 2025

அன்புத் தம்பி பிரசாந்துக்கு,

பொங்கல் நன்றாக நடந்தது. அரிமளத்தில் நான்கு நாள் இருந்தோம். இளமதி கரும்பு கடித்து, புதுப்பல் உறுதி என்று எல்லோருக்கும் காட்டினாள். நீ அங்கே பொங்கல் வைத்தாயா? மலையாளிகள் சாப்பிட்டார்களா?

மாட்டுப்பொங்கல் அன்று மலையாண்டி மாமா வந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"செவந்தி, பூசாரிகிட்டச் சொல்லியாச்சு. மொட்டை போடுற கருப்பனும் கத்தி எடுத்துக்கிட்டு வந்துருவான். மொத மொட்டை ஒம் மகனுக்குத்தான். தாய்மாமன் மடியிலதான் ஒக்காரணும், ஆமா."

"நாப்பது வயசுக்காரன் ஒங்க மடியில ஒக்காந்தா, மடி தாங்குமாண்ணே?" என்றாள் அம்மா.

"தாங்காட்டி தரையில ஒக்காரட்டும். முடி வந்தாகணும். வருஷம் ஆக ஆக சாமிக்கும் கோவம் வருமுல்ல? அந்தப் பச்சப்புள்ளை மழைக்காலத்துல என்ன பாடுபட்டுச்சு?"

மாமா போனபிறகு அம்மா அடுப்படிக்கு வந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றுகொண்டு சொன்னாள்: "பொய்யின்னு எனக்குத் தெரியாதாடி? அழகி வாய அடைக்கச் சொன்னது. ஆனா சாமி அதப் பொய்யின்னு எடுத்துக்கலையே. புள்ளையக் குடுத்துருச்சே."

பாத்திரம் கழுவி முடித்தேன். வேறு விசேஷம் இல்லை. குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள்.

அக்கா


மஸ்கட்
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. பொங்கல் குக்கரில் வைத்தோம், பிலிப்பைன்ஸ்காரன் மூன்று தட்டு சாப்பிட்டான். அங்கே எல்லோரும் சுகம்தானே?

மாமா சொன்னது தெரிந்தது. அம்மா சொன்னதும் தெரிந்தது. பாத்திரம் கழுவியவள் என்ன நினைத்தாள் என்றுதான் எழுதவில்லை.

நீ பிசிக்ஸ் சொல்லிக்கொடுப்பவள். நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, எல்லோரும் சரி என்று சொல்வதை ஏன் என்று கேட்டவள் நீ. எல்லா வீட்டிலும் ஒரு பாட்டு ஓடினால் நீ வேறு பாட்டைக் கொண்டுவந்தாய். நான் உன் பின்னால் வந்தவன்தான். அதனால் உன்னிடமே கேட்கிறேன். நீ இதை நம்புகிறாயா?

மாமாவுக்காக வெட்டமாட்டேன். அழகி சித்திக்காக வெட்டவே மாட்டேன். நீ வேண்டும் என்றால் வெட்டுகிறேன். பெரிய மெயில் வேண்டாம். வேண்டும், வேண்டாம் இரண்டில் ஒன்றை எழுது.

உன் தம்பி,
பிரசாந்த்


மஸ்கட்
20 மார்ச் 2025

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? குழுவில் இளமதி படமாக அனுப்புகிறாய், கோலம் அனுப்புகிறாய். என் மெயிலுக்கு மட்டும் பதில் இல்லை. கோபமில்லை எனக்கு. நீ 'வேண்டாம்' என்றால் அன்றைக்கே எழுதியிருப்பாய்.

மேயில் பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கிறார்கள், எனக்கு லீவு நிச்சயமாகக் கிடையாது. இந்தத் தடவை மாமாவிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. சுமையாவின் அண்ணன் அஜ்மல் இப்போது இங்கேதான் இருக்கிறார், மே நடுவில் கட்டுமாவடிக்குப் போகிறார். முடியை இங்கேயே வெட்டி அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். "அய்யனாருக்கு நான் கொண்டுபோனா வாங்கிக்குவாரா தம்பி?" என்று கேட்டார். "முதல் கேசட்டே உங்கள் கையால் வந்ததுதானே பாய்" என்றேன்.

ஆள் வராமல் முடி மட்டும் வந்தால் செல்லுமா என்று மாமாவிடம் கேட்டுச் சொல்.

பிரசாந்த்


திருக்கோகர்ணம்
2 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் நலம். உன்னைக் காக்கவைத்துவிட்டேன்.

மாமாவிடம் கேட்டேன். "தலை வந்து குனியணும். முடி மட்டும் வந்தா அது சவுரி" என்றார். பூசாரியோ, "சாமி முடியத்தான் எண்ணும், பாஸ்போர்ட்டப் பாக்காது" என்றாராம். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது என்று முதல் வருட வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். அதை நான் நம்புகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையின் கை சுட்டபோது நான் நினைத்தது ரத்தப் பரிசோதனையை இல்லை, உன் முடியை. 'அதைக் கொடுத்திருந்தால்' என்றுதான் நினைத்தேன். நீ கண்டுபிடித்த, நான் அழித்த வரி அதுதான்.

வேண்டும் என்று எழுத எனக்குக் கூச்சம். அந்த முடியில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கதவைச் சாத்திக்கொண்டு நான் ஆடியதை, நீ கதவைத் திறந்துவைத்து ஆடுகிறாய். வேண்டாம் என்று எழுதப் பயம். ஒன்றும் எழுதாமல் இருந்தது அதனால்தான்.

இதை நேற்று அம்மாவிடமும் சொன்னேன், நீ அங்கே வெட்டப் போவதையும் சேர்த்து. "அந்தப் பாய் என்னைக்கு வாராரு?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதும் வேண்டும், வேண்டாம் என்று நான் எழுதவில்லை, பார்.

அக்கா ரஞ்சனி


மஸ்கட்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் மெயில் வந்ததும் மனசு லேசாகிவிட்டது. உண்மையைச் சொன்னாயே, போதும்.

நம்பிக்கை இல்லாத நான் கொடுப்பதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீ நிம்மதியாகத் தூங்கினால் சரி. அஜ்மல் பாய் மே 16 கிளம்புகிறார். அதற்கு முந்தின நாள் வெட்டுகிறேன். அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க வாசிக்கப் போகிறோம். மலையாளிகள் இரங்கல் கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முடிதானே, வளரும். எனக்கு நாற்பதாகிறது என்பதை மட்டும் அது மறந்துவிட வேண்டும்.

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

பிரசாந்த்


அரிமளம்
6 மே 2025

அன்புத் தம்பி பிரசாந்துக்கு,

நலம் விசாரிப்பது பிறகு. முதலில் இது: வெட்டாதே.

கல்லூரி விடுமுறை. நேற்றுக் காலை இளமதியை அழைத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில், "ஆட்டோ வச்சுக்கிட்டுக் கோயில் பக்கமா போனாங்க" என்றார்கள். நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. முதலில் கருப்பன் இறங்கினார். பின்னால் அம்மா, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

இளமதி ஓடிப்போய், "அம்மாச்சி, ஒங்க முடி எங்க?" என்றாள்.

"குடுக்க வேண்டிய எடத்துல குடுத்துட்டேன் தங்கம்."

எனக்கு அழுகை வந்தது. "ஏம்மா? வைகாசிக்கு இன்னும் நாள் இருக்கே. பிரசாந்த் அனுப்புறேன்னானே."

"அந்தப் பாய் வந்துட்டா அவன் முடி போயிருமுல்ல? அதான் முந்திக்கிட்டேன். அவன் எப்படி நேந்தான்? அவன் வாயத் தொறக்கவே இல்ல. ரசத்த வச்சுக்கிட்டுச் சொன்னது என் வாயி. அந்த வாயி இருக்குற தலையத்தான் குடுக்கணும்."

மாமா செய்தி கேட்டு வண்டியில் விரைந்து வந்தார். கொஞ்ச நேரம் கத்தினார், கோடை வெயிலில் குளித்த மாதிரி வேர்த்தது. பிறகு அம்மாவின் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். "கருப்பா, காதோரம் ரெண்டு முடி விட்டுருக்கடா" என்றார். அவ்வளவுதான். கடன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பூசாரியோடும் இன்று பேசிவிட்டார்.

நான் இரவு நன்றாகத் தூங்கினேன். அதற்குக் காரணம் என்ன என்று யோசிக்கவில்லை.

இன்று காலை அழகி சித்தி போன் செய்தாள். அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னக்கா, நீ முடி எறக்கிட்டியாமே! அப்ப அவனுக்கு என்ன? அவன் இன்னும் எதுக்கு வளத்துக்கிட்டு இருக்கான்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அடுத்து எந்தச் சாமி வரப் போகிறதோ என்று இருந்தது. அம்மா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "அவனுக்குப் புடிச்சிருக்கு, வச்சிருக்கான்" என்றாள்.

"புடிச்சிருக்கா?"

"ஆமா. அவன் பாடுற பாட்டுக்கு முடி வேணுமாம்."

"அது என்னக்கா பாட்டு?"

"எனக்கு என்னத்தத் தெரியும்? ரஞ்சனியக் கேளு. அவதான் அவனுக்கே பழக்கிவிட்டது."

"அம்மா, ஒனக்கு எப்படி..." என்றேன்.

"கதவச் சாத்திக்கிட்டா தெரியாதா? செவத்துல ஆள் ஒசரத்துக்குத் தேங்காயெண்ணெய் தெறிச்சுக் கெடக்கும். வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தச் செவத்துக்கு மட்டும் ரெண்டு பூச்சு சுண்ணாம்பு அடிச்சவ நானு. இந்தா, பேசு." போனை என் கையில் திணித்துவிட்டு, இளமதிக்குத் தோசை ஊற்றப் போய்விட்டாள்.

சித்தி லைனில்தான் இருந்தாள். "நீயுமாடி?" என்றாள்.

"ஆமா சித்தி. சின்னதுலருந்து."

"அப்பிடி என்னடி இருக்கு அதுல?"

முப்பது வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்தேன். சித்தி நடு நடுவே "ம்" கொட்டினாள். தோசை இரண்டு தடவை ஆறிவிட்டது. நான் இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை, "நாளைக்கிக் கூப்புடுறேன், மிச்சத்தச் சொல்லு" என்று வைத்தாள்.

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் தலையும் நலமாக இருங்கள்.

உன் அக்கா,
சிவரஞ்சனி